அறியாமல் வாங்கினோம் என்றால் யார் நம்புவார்?



தாராவியில் நம் தெருப் பையன் ஒருவன். தோல் பட்டறையில் வேலை. ரயில் நிலைய வாசலில் எவனோ ஒருவனிடம் பாதி விலைக்குப் பழைய செல்போன் வாங்கினான். ஊரிலிருக்கும் ஆத்தாளின் முகம் பார்த்துப் பேசலாமே என்ற ஆசை. மூன்றாம் மாதம் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. அது திருட்டுப் போன். விற்றவன் பெயர் தெரியாது, இருப்பிடம் தெரியாது. போனும் போயிற்று, பணமும் போயிற்று, மூன்று நாள் கூலியும் போயிற்று. அவன் நம்மிடம் கேட்டது ஒன்றுதான்: "அண்ணாச்சி, திருடினவனை விட்டுட்டு என்னை ஏன் பிடிக்கிறாங்க?"

கேள்வி நியாயமானது. பதிலை நாம் அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவு, பழைய தண்டனைச் சட்டத்தின் 411-ஆம் பிரிவு சொன்னதையே சொல்கிறது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ நேர்மையின்றி வாங்கினால் 3 ஆண்டு வரை சிறை. அறியாமல் வாங்கியவன் குற்றவாளி அல்ல. ஆனால் 'நம்பக் காரணம்' என்ற சொற்களைக் கவனியுங்கள். பாதி விலை, முகம் தெரியாத ஆள், ரசீது இல்லை. இம்மூன்றும் சேர்ந்தால் அதுவே காரணம் என்று வாதாட இடமுண்டு.

இந்த மாநிலத்தில் இன்னொரு கண்ணியும் உண்டு. 1951-ஆம் ஆண்டின் மகாராஷ்டிரா போலீஸ் சட்டம், 124-ஆம் பிரிவு. திருட்டுப் பொருள் என்று கருத இடமுள்ள ஒன்று நம் கையில் இருந்து, அது வந்த வழியைத் திருப்தியாகச் சொல்லத் தவறினாலே தண்டனை. ரயில்வேயில் பேனா பிடிக்கும் நாம் 1966-ஆம் ஆண்டின் ரயில்வே சொத்துச் சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். திருட்டுப் போனதென்று சந்தேகிக்க நியாயமான காரணமுள்ள ரயில்வே இரும்போ செம்போ கிடங்கில் கிடைத்தால், நேர்வழியில் வந்தது என்று நிரூபிக்க வேண்டியவன் அதை வைத்திருப்பவனே. பதின்மூன்றாம் காம்பவுண்டில் எடை போட்டு வாங்கும் தோழர்கள் இதை மறக்கலாகாது.

செல்போனுக்கும் இரும்புக்குமே இப்படி என்றால், துப்பாக்கிக்கு? 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாதவன் அதை வாங்கவே கூடாது. திருட்டுத் துப்பாக்கி என்பது தெரியாது என்று சொன்னாலும், உரிமமின்றி வைத்திருந்த குற்றம் அப்படியே நிற்கும். 1993 குண்டுவெடிப்பு வழக்கில் கைதான நடிகர் சஞ்சய் தத்தை இந்த நகரமே அறியும். ஆயுதம் வைத்திருத்தல் என்றால் அறிந்து வைத்திருத்தலே என்று 1994-இல் அவர் வழக்கில்தான் உச்சநீதிமன்றம் விளக்கியது. ஆயினும் ஆயுதச் சட்டப்படி அவர் குற்றவாளியே என்று முடிவாகி, 2013-இல் 5 ஆண்டுத் தண்டனை உறுதியானது. இருபது ஆண்டு வாதாட அவருக்குப் பெரிய வக்கீல்கள் இருந்தார்கள். நமக்கு யார் இருக்கிறார்கள்? ஆகவே ஊர்க்காரன் ஆனாலும், பூட்டிய பையை வாங்கி வைக்காதீர்கள். ஆயுதம் கண்ணில் பட்டால் தொடாதீர்கள், சாக்கடையில் எறியாதீர்கள். வக்கீலை அழைத்துச் சென்று எழுத்தில் தெரிவியுங்கள்.

காவல்துறை அழைத்தால் ஓடாதீர்கள். ஓடியவனைத் திருடன் என்பார்கள். எழுத்தில் நோட்டீஸ் கேளுங்கள். சாட்சி விசாரணைக்குப் பெண்களையும் 60 வயது கடந்தவர்களையும் அவர்கள் வீட்டில்தான் விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். பொருளைக் கைப்பற்றினால் பட்டியலின் நகல் வாங்குங்கள். கைப்பற்றுவதைப் படம் பிடிக்க வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 105-ஆம் பிரிவு சொல்கிறது. மராத்தி பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாதவர் நம்மில் எத்தனை பேர்? பஞ்சநாமாவைப் படித்துக் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண் உண்டு.

1970-களிலும் 80-களிலும் தாராவி, மாதுங்கா என்றாலே பத்திரிகைகள் கள்ளக்கடத்தலையும் வரதராஜ முதலியாரையும்தான் எழுதின. தோல் பதனிட்டவனும் இட்லி விற்றவளும் செய்தியாகவில்லை. அந்தச் சந்தேகத்தின் மிச்சம் இன்றும் நம் கதவைத் தட்டுகிறது. ஏமாந்து வாங்கியவனைச் சாட்சியாக நடத்து, திருடனாக நடத்தாதே என்று கேட்பது நம் உரிமை. அந்த உரிமையை உரத்துக் கேட்க நம் கையில் ஒரு காகிதம் வேண்டும்.

பழைய பொருள் வாங்குவதில் வெட்கம் ஏதுமில்லை. ரசீது கேட்கத்தான் நாம் வெட்கப்படுகிறோம். விற்பவன் பெயர், முகவரி, அடையாள அட்டை எண், தேதி, தொகை, கையெழுத்து ஆகியவற்றை ஒரு தாளில் வாங்குங்கள். செல்போனில் *#06# அழுத்தினால் அதன் எண் தெரியும்; அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைச் சோதித்த பிறகே பணம் கொடுங்கள். இதற்கான படிவத்தைத் தமிழிலும் மராத்தியிலும் அச்சிட்டுச் சங்கத்தில் வைப்போம் என்று முன்மொழிகிறோம். எழுதத் தர மறுப்பவனிடம் எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள்.

அந்தப் பையனுக்கு நாம் சொன்ன பதில் இதுதான்: "தம்பி, நீ திருடன் இல்லை. அதைச் சொல்ல உன்னிடம் ஒரு தாள் இல்லாமல் போயிற்று." அடுத்த பையனிடம் அந்தத் தாள் இருக்கட்டும்!