செடிக்கு மட்டும்தான் தூக்கமா?



போன வாரம் நான் போட்ட பூ போட்டோவைப் பார்த்துவிட்டு, "டீச்சர், எங்க வீட்டுக் கிறிஸ்துமஸ் கள்ளி பூக்கவே மாட்டேங்குது, நீங்க என்ன உரம் போட்டீங்க?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். உரம் ஒன்றும் போடவில்லை. இருட்டைக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

என் தங்கச்சி கொடைக்கானல் போனபோது வாங்கி வந்த செடி அது. கோரிப்பாளையத்து வீட்டில் ஹால் ஜன்னலோரம் வைத்தேன். பச்சைப் பசேல் என்று வளர்ந்தது, ஆனால் இரண்டு டிசம்பர் போயும் ஒரு மொட்டு இல்லை.

கள்ளி என்ற பெயர்தான் நம்மை ஏமாற்றுகிறது. இது பாலைவனச் செடி இல்லை. பிரேசிலில் ரியோ டி ஜெனிரோ பக்கத்து மலைக்காடுகளில் மரக்கிளைகளிலும் பாறைகளிலும் ஒட்டி வளர்வது. அங்கே மே மாதம் பூப்பதால் 'மே மலர்' என்று கூப்பிடுகிறார்கள். அதனால் நம்மூர் மத்தியான வெயில் ஆகாது. காலை வெளிச்சம் போதும். மண்ணில் தேங்காய் நார்க்கழிவும் மணலும் கலந்து, மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர் விடுங்கள். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும்.

பூக்க வேண்டுமென்றால் நீண்ட இரவு வேண்டும். குறும்பகல் தாவரம் என்று உங்களுக்கு நடத்தினேனே, ஞாபகம் இருக்கிறதா? 1938இல் ஹேம்னர், பானர் என்ற இருவர் சாந்தியம் செடியை வைத்துச் சோதித்தார்கள். நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் விளக்கைப் போட்டாலே அது பூக்கவில்லை. கரும்பலகையில் படம் போட்டு இதை விளக்கிய நானே, வீட்டு ஹாலில் ராத்திரி 11 மணி வரை டியூப்லைட்டை எரியவிட்டேன். தர்காவில் பாங்கு சொல்வதற்கு முன்பே, 4 மணிக்கு மறுபடியும் போட்டேன். எதற்கு? பத்தாவது படிக்கும் பேரனை எழுப்பிப் படிக்க வைக்க.

இந்த வருஷம் அக்டோபர் பாதியிலிருந்து ஆறு வாரம், சாயங்காலம் ஐந்தரைக்கு அட்டைப்பெட்டியால் மூடி, காலை ஏழரைக்குத் திறந்தேன். 14 மணி நேரம் இருட்டு. இதற்குக் குளிர்ந்த இரவுதான் பிடிக்கும். நம்மூர் டிசம்பர் இரவே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும் என்பதால் இருட்டில் குறை வைக்கக் கூடாது. மொட்டு வந்த பிறகு தொட்டியை இடம் மாற்றாதீர்கள், உதிர்ந்துவிடும். எனக்கு மூன்று மொட்டு வந்தது.

ஒருநாள் 4 மணிக்கு எழுப்பியபோது, பேரன் கண்ணைக் கசக்கிக்கொண்டே கேட்டான்: "செடிக்கு மட்டும் ஏழரை வரைக்கும் தூக்கமா, அம்மாச்சி?"

பதில் சொல்ல முடியவில்லை. லைட்டை அணைத்துவிட்டேன்.

13 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று தூக்க மருத்துவ வல்லுநர்கள் சொல்கிறார்கள். படித்தது மனதில் பதிவதே நல்ல தூக்கத்தில்தான். பேரனுக்கு நான் விட்டது ஐந்து மணி நேரம். உங்களுக்கும் அதே அறிவுரையைத்தான் அந்தக் காலத்தில் சொன்னேன். வகுப்பில் தூங்கி வழிந்தவர்களைப் பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறேன். அதில் சிலர் இதைப் படிப்பீர்கள். தப்பு என்னுடையது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

செடியும் பிள்ளையும் ஒன்றல்ல, தெரியும். பெட்டி போட்டு மூடினால் மார்க் பூக்காது. ஆனால் விழித்திருக்கும் நேரமெல்லாம் படித்த நேரம் என்று கணக்குப் போடுவதை நாம் நிறுத்த வேண்டும். சாயங்காலம் இரண்டு மணி நேரம் செல்போனை வாங்கி வைத்துவிட்டு உட்கார்ந்து படித்தால், விடியற்காலைத் தூக்கத்தைத் திருட வேண்டியதில்லை.

இப்போது எங்கள் வீட்டில் பத்து மணிக்கு விளக்கு அணைகிறது, ஆறு மணிக்கு எழுந்திருக்கிறான். அரையாண்டுத் தேர்வில் என்ன மார்க் வருமோ, வரட்டும். உங்கள் வீட்டிலும் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளை இருந்தால், இன்று ராத்திரி பத்து மணிக்கு லைட்டை அணையுங்கள். பக்கத்தில் ஒரு கள்ளித் தொட்டி இருந்தால் அதுவும் சேர்ந்து தூங்கட்டும்.

அன்புடன்,
உங்கள் பழைய சயின்ஸ் டீச்சர்