ஐயம் தீர்ந்த பின்பே புறப்பாடு

வெள்ளறடை, பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆகிய எல்லைப்புறப் பகுதிகளில் தமிழும் மலையாளமும் அருகருகே புழங்குகின்றன. 'வெள்ளம்' என்பது மலையாளத்தில் குடிக்கும் நீர். தமிழில் பெருக்கெடுத்து வரும் நீர். உள்ளூரார் குழம்புவதில்லை, புதிதாக வந்தவர் ஒருமுறை கேட்டுத் தெளிந்துகொள்கிறார். தேநீர்க்கடையில் இத்தகைய மயக்கம் சிரிப்போடு முடிந்துவிடும். ஓடுதளத்தில் அப்படியன்று.

1977 மார்ச் 27 அன்று தெனெரீஃப் தீவில் மூடுபனிக்கிடையே கேஎல்எம் விமானத்துக்கு, மேலெழுந்தபின் செல்லவேண்டிய வழி அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பில் 'டேக்-ஆஃப்' என்ற சொல்லும் இருந்தது. தலைமை விமானி அதையே புறப்படுவதற்கான அனுமதியாகக் கொண்டார். அதே ஓடுதளத்தில் பான் ஆம் விமானம் வந்துகொண்டிருந்தது. அது விலகிவிட்டதா என்று விமானப் பொறியாளர் எழுப்பிய ஐயம் பொருட்படுத்தப்படவில்லை. 583 பேர் உயிரிழந்தனர். அதன் பின்னரே, புறப்படும் அனுமதியை வழங்கும்போதும் இரத்துச் செய்யும்போதும் மட்டுமே அச்சொல்லைப் பயன்படுத்துவது என்ற ஒழுங்கு உலகெங்கும் வேரூன்றியது.

இன்றைய விமானியின் முன் தகவல்கள் பல வழிகளில் வந்து சேர்கின்றன. அச்சிட்ட புறப்பாட்டு வரைபடம், 28 நாள்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் கணினித் தரவு, இடைக்கால அறிவிப்புகள், கட்டுப்பாட்டாளரின் குரல் ஆகிய நான்கும் எப்போதும் ஒத்துப்போகும் என்பதற்கு உறுதியில்லை. வரைபடம் ஓர் உயர வரம்பைக் குறிக்க, கட்டுப்பாட்டாளர் வேறோர் உயரத்தைக் கூறினால், முதல் வரம்பு நீங்கியதா, நீடிக்கிறதா? இதற்கான பொதுச் சொல்லாட்சியைப் பன்னாட்டுக் குடிமை வான்போக்குவரத்து அமைப்பு 2016இல்தான் வகுத்தது. முரண் தென்பட்டால் இரண்டில் பொருத்தமானதைத் தானே ஊகித்துத் தேர்வது விமானியின் வேலையன்று. விமானத்தை நிறுத்திவைத்துக் கேட்பதே அவர் கடமை.

ஆயினும், கேட்கும் பொறுப்பு முழுவதையும் விமானியின் மீதே சுமத்துவது முறையாகாது. 2022 ஜனவரி 7 அன்று பெங்களூருவில் கொல்கத்தாவுக்கும் புவனேசுவரத்துக்கும் செல்லவேண்டிய இரண்டு இண்டிகோ விமானங்கள் இணை ஓடுதளங்களிலிருந்து ஏறத்தாழ ஒரே நேரத்தில் எழுந்து ஒன்றையொன்று நெருங்கின. ஓர் ஓடுதளத்தை மூடும் முடிவு, அதற்குரிய கட்டுப்பாட்டாளருக்குத் தெரிவிக்கப்பட்டிருக்கவில்லை. இரு விமானிகளுக்கும் முறையான அனுமதியே கிடைத்திருந்தது. ஐயுறுவதற்கு அவர்களிடம் காரணமே இல்லை. முரண் இரண்டு மேசைகளுக்கிடையே மறைந்திருந்தது. ரேடார் கட்டுப்பாட்டாளர் திசை மாற்றும்படி ஆணையிட்டதால் 400க்கும் மேற்பட்டோர் உயிர்தப்பினர்.

ஆகவே, கண்ணுக்குத் தெரியும் முரணைக் கேட்டுத் தீர்ப்பது விமானியின் பொறுப்பு. தெரியாத முரணைத் தோன்றவிடாமல் காப்பது நிறுவனத்தின் பொறுப்பு. முடிவுகள் உரியவர்க்கு உடனே சென்றுசேர வேண்டும். நூலிழையில் தப்பிய நிகழ்வுகளும் ஒளிவுமறைவின்றிப் பதியப்பட வேண்டும். தாமதத்துக்கு அஞ்சித் துணை விமானி வாய்மூடும் சூழல் நீங்க வேண்டும்.

இது வான்துறைக்கு மட்டும் உரிய பாடமன்று. மூத்தவரின் கூற்றை மறுபடி கேட்பது அவமதிப்பாகக் கருதப்படும் வகுப்பறையிலிருந்தே நாளைய விமானியும் கட்டுப்பாட்டாளரும் வருகிறார்கள். அங்கே கேட்கப் பழகாதவர், நூற்றுக்கணக்கானோர் பின்னால் அமர்ந்திருக்கையில் திடீரெனக் கேட்கத் துணிவார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.