கழுகுமலை நடைபாதைகள் குறித்த கோரிக்கை மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர், தூத்துக்குடி
நகல்: தொல்லியல் துறை ஆணையர், சுற்றுலாத் துறை, மாவட்ட வன அலுவலர்
அனுப்புநர்: முத்தையாபுரம் வட்டார நடைப்பயணிகள் சங்கத்தார்
பொருள்: கழுகுமலையின் மலைப்பாதைகளைத் தொல்சின்னங்களோடு சேர்த்துப் பாதுகாத்துச் சீரமைத்தல் தொடர்பாக

தூத்துக்குடி மாவட்டம் என்றதும் கடலும் உப்பளமும் துறைமுகமும்தான் வெளியூராருக்கு நினைவில் வரும். மாவட்டத்தின் வடமேற்கே, கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில், கரிசல் காட்டுக்கு நடுவே மொட்டைப் பாறையாக எழுந்து நிற்கிறது கழுகுமலை. அடிவாரத்தில் கழுகாசலமூர்த்தி குடைவரைக் கோயில், சரிவில் வெட்டுவான் கோயில், செங்குத்துப் பாறை முகத்தில் சமணச் சிற்பங்கள், உச்சியில் பிள்ளையார் கோயில் என்று நான்கு வெவ்வேறு வழிபாட்டு இடங்கள் ஒரே மலையில் அமைந்துள்ளன. இவற்றை இணைப்பது பாறையில் வெட்டிய படிகளும் காலடி பட்டுத் தேய்ந்த தடங்களுமே. சிற்பங்களைப் பற்றி எழுதாத நூல் இல்லை. அவற்றிடம் கொண்டுசேர்க்கும் பாதையைப் பற்றி எழுதியவர் மிகச் சிலர். இம்மனு அந்தப் பாதையைப் பற்றியது.

வெட்டுவான் கோயில் எட்டாம் நூற்றாண்டில், முற்காலப் பாண்டியர் ஆட்சியில் உருவானது. மலைச்சரிவைச் சுற்றிலும் அகழ்ந்து, நடுவில் விட்ட பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிச் சென்றிருக்கிறார்கள். எல்லோராவின் கைலாசநாதர் கோயிலும் இதே முறையில், ஏறக்குறைய இதே நூற்றாண்டில் வெட்டப்பட்டது. கழுகுமலையில் சிகரமும் மேல்தளமும் முடிந்தன, அடிப்பகுதி முடியவில்லை. தென்புறம் மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தி அமர்ந்திருக்கிறார். வேறு கோயில்களில் காணக் கிடைக்காத அரிய உருவம் அது. தந்தைச் சிற்பிக்கும் மகன் சிற்பிக்கும் எழுந்த போட்டியில் மகன் கொலையுண்டதால்தான் வேலை பாதியில் நின்றது என்று ஊரில் ஒரு கதை வழங்குகிறது. சான்று எதுவும் கிடையாது என்றாலும், கதை கேட்காமல் மலை இறங்கியவர் அரிது.

மேலிருந்து செதுக்கப்பட்டதால் இக்கோயிலைப் பார்க்கும் முறையும் மாறுபடுகிறது. மற்றக் கோயில்களில் தலையை நிமிர்த்திப் பார்க்க வேண்டிய சிகரத்தை இங்கே அகழியின் விளிம்பில் நின்று கண்ணுக்கு நேராகப் பார்க்கலாம். மிக நல்ல காட்சி கிடைக்கும் இடம் அந்த விளிம்புதான். கால் தவறினால் கல் தரையில் விழ வேண்டிய இடமும் அதுவே. கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி பின்னால் நகரும் பழக்கம் வந்தபின் ஆபத்து கூடியிருக்கிறது. ஆகவே விளிம்பு முழுவதையும் தொல்லியல் துறைப் பொறியாளர்கள் அளந்து, தேவையான இடங்களில் கைப்பிடித் தடுப்பு அமைக்க வேண்டும் என்பது முதற்கோரிக்கை. தடுப்பின் கால்களை அகழிச் சுவரிலோ உளிக்குறி தெரியும் பாறையிலோ துளையிட்டு நாட்டக்கூடாது. விளிம்பிலிருந்து சற்று உள்ளே தள்ளி, தன் எடையிலேயே நிற்கும் அடித்தளத்தின்மேல் பொருத்தலாம். பின்னாளில் கழற்றி எடுத்தாலும் பாறையில் வடு இராது.

சமணச் சிற்பங்கள் இருக்கும் பாறை முகத்தில் ஏறக்குறைய 150 திருமேனிகள் வரிசை வரிசையாகப் புடைத்து நிற்கின்றன. தீர்த்தங்கரர்கள், பார்சுவநாதர், பாகுபலி, அம்பிகா இயக்கி, பத்மாவதி ஆகியோரை அடையாளம் காணலாம். கீழே நூறளவில் வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. ஒவ்வொரு உருவத்தையும் செய்வித்தவர் யார், எவருடைய மாணவர், எந்த ஊரார் என்பதை அவை சுருக்கமாகச் சொல்கின்றன. அரசர் பெயரைவிடத் தச்சர், குயவர், கொல்லர் போன்றோரின் பெயர்களே இக்கல்வெட்டுகளுக்குப் பெருமை. குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களும் அவர்களுடைய மாணவியரும் இங்கே பதிவாகியுள்ளனர். அவர்களுள் திருச்சாரணத்துக் குரத்தியரும் உண்டு. திருச்சாரணம் என்பது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலை. அங்கிருந்து கழுகுமலைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன் நடந்தே வந்திருக்க வேண்டும். கற்பிப்போரும் கற்போரும் கொடையளிப்போரும் ஏறி இறங்கிய வழியை, சிற்பத்தை அடைய உதவும் வெறும் ஏற்பாடாகக் கருத முடியாது. பாதையும் அந்தத் தொல்சின்னத்தின் ஒரு பகுதியே.

இந்தப் பார்வை புதிதன்று. ஸ்பெயினின் சந்தியாகோ யாத்திரை வழி 1993-லும், ஜப்பானின் கீ மலைத்தொடர் யாத்திரை வழிகள் 2004-லும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன; கோயில்களோடு வழிகளும் சேர்த்தே மதிக்கப்பட்டன. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி, குகை, கல்வெட்டு, நீர்நிலை, பறவை எல்லாம் சேர்ந்த ஒரு முழு நிலமாக 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. கழுகுமலைக்கு அப்படியொரு அறிவிப்பைச் சங்கம் இப்போது கேட்கவில்லை. தமிழ்நாட்டுத் தொல்சின்னங்கள் சட்டம், 1966-இன் கீழ் எடுக்கப்படும் பாதுகாப்பு நடவடிக்கைகளில் படிகளையும் தடங்களையும் சேர்த்து, முழு மலைக்கும் ஒரே வரைபடம் தயாரிக்க வேண்டும் என்றே கேட்கிறது. பழைய படி எது, பின்னாளில் சேர்த்தது எது என்று அந்த வரைபடம் பிரித்துக் காட்ட வேண்டும். மலையைச் சுற்றிக் கல்குவாரி உரிமம் கோரி விண்ணப்பம் எதுவும் வந்தால் அதன்மீது முடிவெடுக்கும்போதும் அது பயன்படும்.

சீரமைப்பு என்ற பெயரில் செய்யக்கூடாதவற்றையும் குறிப்பிட வேண்டியிருக்கிறது. தேய்ந்த படிமேல் சிமெண்ட் பூசக்கூடாது. பளபளக்கும் ஓடு பதிக்கக்கூடாது. சிற்பங்கள்மேல் வண்ண விளக்கு வேண்டாம், ரோப் கார் வேண்டவே வேண்டாம். ஒரு மணி நேரத்துக்குள் நடந்து பார்த்து முடிக்கக்கூடிய மலைக்கு இயந்திரம் எதற்கு? முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அடிவாரத்தில் ஒரு விளக்கக் கூடம் அமைத்து, சிற்பங்களின் வார்ப்புப் பிரதிகளையும் கல்வெட்டுகளின் நகல்களையும் வைப்பதே பொருத்தமான வழி. கல்வெட்டின்மேல் எண்ணெய் தடவுவதும் எழுத்து தெரியச் சுண்ணாம்புக் கட்டியால் தேய்ப்பதும் தடுக்கப்பட வேண்டும். ஒவ்வொரு வரிசைக்கும் அருகே, வட்டெழுத்து வாசகத்தை இன்றைய எழுத்தில் தந்து பொருளும் கூறும் பலகை வைக்கப்பட வேண்டும்.

மலையில் நிழல் அரிது. கோடையில் முற்பகலிலேயே பாறை கால் வைக்க முடியாதபடி காயும். வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, பாசி பிடித்த சரிவுகள் வழுக்கும். உப்பளங்களில் வேலை ஓய்வதும் இதே மாதங்களில்தான். முத்தையாபுரம் பக்கத்துத் தொழிலாளர் குடும்பங்களுக்கு வெளியூர் போக நேரம் வாய்ப்பதும் அப்போதே. எனவே மழைக்காலத்தில் பாதையை மொத்தமாக அடைத்துவிடுவது தீர்வாகாது. கனமழை நாளில் மட்டும் மூடி, மற்ற நாள்களில் கண்காணிப்போடு திறந்து வைக்கலாம். காலை நேரத் திறப்பு முன்கூட்டியே தொடங்குவதும், அடிவாரத்தில் குடிநீரும் கழிப்பறையும் முதலுதவியும் இருப்பதும் அவசியம். தைப்பூசம், பங்குனி உத்திரம் போன்ற நாள்களில் அடிவாரத்துக் கழுகாசலமூர்த்தி முருகன் கோயிலுக்கு வரும் கூட்டத்தில் ஒரு பகுதி மலைமேலும் ஏறும். அந்நாள்களுக்கு ஏறவும் இறங்கவும் தனித்தனி வழி வகுக்க வேண்டும்.

வழிகாட்டிகளைப் பொறுத்தவரை அரசுக்கு முன்னுதாரணம் உண்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மூண்ட காட்டுத்தீ மலையேற்றக் குழுவினர் பலரின் உயிரைப் பறித்தது. அதன்பின் வனப்பகுதி மலையேற்றத்துக்கு அதே ஆண்டில் விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் 40 பாதைகளைப் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளுடன் திறந்தது. அவற்றுள் தூத்துக்குடி மாவட்டப் பாதை ஒன்றும் இல்லை. கழுகுமலை தொல்லியல் சார்ந்த மலை என்பதால் அத்திட்டத்தில் அப்படியே பொருந்தாது. ஆனால் அதன் முறையைக் கடன் வாங்கலாம்: ஊர் இளைஞர்களையும் பெண்களையும் தேர்ந்து, சமணம், வட்டெழுத்து, முதலுதவி ஆகியவற்றில் தொல்லியல் துறை பயிற்சி அளித்து, அடையாள அட்டை வழங்கி, கட்டணத்தை நிர்ணயிக்கலாம்.

மாவட்டத்தின் மற்றொரு மலையான வல்லநாடு வேறு வகை. வெளிமான்களுக்காக 1987-இல் சரணாலயமாக்கப்பட்ட அம்மலை, இந்தியாவில் இவ்விலங்கு இயற்கையாக வாழும் தென்கோடி இடம். அங்கே கூட்டம் கூடுவது மானுக்குக் கேடு. வனத்துறை விரும்பினால், ஒரே ஒரு குறித்த தடத்தில், வனப் பணியாளர் துணையோடு, சிறு குழுக்களை மட்டும், குட்டி ஈனும் காலம் தவிர்த்து அனுமதிப்பதைப் பரிசீலிக்கலாம். கேடு என்று துறை கருதினால் சங்கம் வற்புறுத்தாது.

போக்குவரத்து எளிய கோரிக்கை. தூத்துக்குடியிலிருந்து எட்டயபுரம், கோவில்பட்டி வழியாகக் கழுகுமலைக்கு ஞாயிறு காலை ஒரு நேரடி அரசுப் பேருந்தும் மாலையில் திரும்பும் நடையும் விடப்பட வேண்டும். இப்போது கோவில்பட்டியில் மாறும் நேரத்திலேயே வெயில் ஏறிவிடுகிறது. வழியில் எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடும் இருப்பதால் பள்ளிகளும் இப்பேருந்தைப் பயன்படுத்தும்.

மேற்கூறிய பணிகள் தொல்லியல், சுற்றுலா, வனம், இந்து சமய அறநிலையம், போக்குவரத்து, பேரூராட்சி என ஆறு தரப்பிடம் சிதறிக் கிடக்கின்றன. பாதையின் எந்த நீளத்துக்கு எந்தத் துறை பொறுப்பு என்பதை எழுத்தில் வரையறுக்க, வரும் பருவமழைக்கு முன் ஆட்சியர் தலைமையில் மலையிலேயே கூட்டுக் கள ஆய்வு நடத்தி, அதன் குறிப்பைக் கழுகுமலை பேரூராட்சி அலுவலகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்குமாறு சங்கம் கோருகிறது.