மலட்டுப் பழி யார் தலையில்?

கல்யாணமாகி இரண்டு வருஷம் கழிந்தும் தொட்டில் ஆடாவிட்டால், நம் ஊரில் பழி ஒரே இடத்தில்தான் விழுகிறது. பெண்ணுக்கு "மலடி" என்று பட்டம் கட்டுகிறார்கள். கோயில் கோயிலாக அவளை அலைக்கழிக்கிறார்கள். கடைசியில் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பையனுக்கு இரண்டாம் கல்யாணப் பேச்சை எடுக்கிறார்கள். பையனை ஒருமுறை பரிசோதித்துப் பார்ப்போம் என்று ஒரு குரல்கூட எழுவதில்லை.

விஞ்ஞானம் சொல்வது வேறு. உலக சுகாதார ஸ்தாபனம் 2023ல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஆறு பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் குழந்தைப்பேறு கிட்டாத நிலையைச் சந்திக்கிறார். இப்படிப்பட்ட தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம், ஆணிடத்திலும் காரணம் இருக்கிறது என்று வைத்தியர்கள் கூறுகிறார்கள். அதாவது, பெண்ணைத் துரத்தியடிக்கும் வீடுகளில் பலவற்றில் நடப்பது பச்சை அநியாயம்.

"இது வீட்டுக்குள் பேசவேண்டிய சங்கதி, தொழிலாளர் பத்திரிகைக்கு இதில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது. தொழிலாளியின் கூலி என்பது அவன் ஒருவனுடைய வயிற்றுக்கு மட்டுமல்ல, நாளை அவன் இடத்துக்கு வரப்போகும் அவன் பிள்ளைகளின் ஜீவனத்துக்கும் சேர்த்துத்தான் என்பதை மார்க்ஸ் 1867லேயே 'மூலதன'த்தில் விளக்கிவிட்டார். பிள்ளை பெறும் சக்தியையே உடம்பிலிருந்து உறிஞ்சும் உழைப்பு என்றால், அது கூலிப் பிரச்னை, சங்கப் பிரச்னை, அரசியல் பிரச்னை.

ஜுஜுவாடி எல்லையிலிருந்து சூளகிரி, கிருஷ்ணகிரி வரை நம் வாலிபர்கள் வாழும் வாழ்க்கையைப் பாருங்கள். ஒரே அறையில் நாலைந்து பேர். ஒரு வாரம் பகல் ஷிப்ட், மறுவாரம் இரவு ஷிப்ட். காலையில் டீயும் பன்னும், ராத்திரி பரோட்டாவும் சால்னாவும், நடுவில் தூக்கத்தை விரட்டப் பீடியும் புகையிலையும். கேழ்வரகுக் களியும், அவரைக்கொட்டைக் குழம்பும், கொள்ளும் கீரையும் தின்று வளர்ந்த சீமை இது. கேழ்வரகு விளையும் பூமியில் மைதா மாவைத் தின்று உழைக்கிறான் தொழிலாளி. இதை அவன் நாக்கின் ருசி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. சமைக்க நேரமில்லை, அடுப்பு வைக்க இடமில்லை, ஒப்பந்தக் கூலியில் முட்டைக்கும் பருப்புக்கும் பழத்துக்கும் மிச்சமில்லை.

போஷாக்குக் குறைவு ஆணின் இனவிருத்தி சக்தியைத் தாக்குமா? தாக்கும் என்பதற்கு உலகறிந்த சான்று உண்டு. பீகாரில் பிறந்த டாக்டர் ஆனந்த பிரசாத், 1958ல் ஈரானின் ஷிராஸ் நகருக்கு வேலைக்குப் போனார். ரொட்டியைத் தவிர வேறொன்றும் அறியாத ஏழைக் குடியானவப் பிள்ளைகள், வாலிப வயதிலும் சிறுவர்களைப் போல் குள்ளமாக, ஆண்குறிகள் வளர்ச்சியின்றி இருப்பதைக் கண்டார். அதைக் குறித்து 1961ல் எழுதினார். பிறகு எகிப்து நாட்டில் நடந்த ஆராய்ச்சியில், துத்தநாகச் சத்துக் குறைவே முக்கிய காரணம் என்பது தெளிந்தது. அந்தச் சத்தைக் கொடுத்ததும் பிள்ளைகள் வளர்ந்தார்கள், பருவமடைந்தார்கள். வறுமைதான் அவர்களுடைய ஆண்மையை முடக்கி வைத்திருந்தது.

ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு மாத்திரை வியாபாரிகள் ஓடிவருகிறார்கள். அமெரிக்காவில் 2,370 தம்பதிகளைக் கொண்டு நடந்த பெரிய பரிசோதனையின் முடிவு 2020ல் வெளிவந்தது. ஆண்களுக்குத் துத்தநாகமும் போலிக் அமிலமும் மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். விந்தணுவின் தரமும் உயரவில்லை, குழந்தைப் பிறப்பும் கூடவில்லை. பட்டினி கிடந்தவனுக்கு உணவு மருந்தாகும். அதற்காகக் கண்டவரெல்லாம் டப்பா டப்பாவாகப் பவுடர் வாங்கித் தின்பதால் பிள்ளை பிறந்துவிடாது. ஆண்மைக் குறைவைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் வருஷத்துச் சட்டமே தடை செய்திருக்கிறது. அப்படியிருந்தும் பஸ் ஸ்டாண்டுச் சுவர்களில் அந்த நோட்டீசுகள் ஒட்டப்படுகின்றன. தொழிலாளியின் வெட்கம்தான் அந்த வியாபாரத்தின் முதல்.

சாப்பாட்டோடு விஷயம் முடியவில்லை. விந்தணு உற்பத்தியாக உடம்புச் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குறைந்த வெப்பம் வேண்டும். வார்ப்படப் பட்டறையிலும் உலையடியிலும் மணிக்கணக்காக நிற்பவனுக்கும், லாரி இஞ்சின் சூட்டில் ராப்பகலாக உட்கார்ந்திருப்பவனுக்கும் அந்தக் குளிர்ச்சி எங்கே கிடைக்கும்? பழைய பாட்டரி உருக்கும் இடங்களில் ஈயம் ரத்தத்தில் ஏறினால் விந்தணுவைக் குறைக்கும். பாலிஹவுஸ் ரோஜாத் தோட்டங்களில் மூடிய கூரைக்குக் கீழே பூச்சிமருந்து தெளிப்பவர்களுக்கு முகமூடியும் கையுறையும் உயிர்க்கவசம்.

1977ல் கலிபோர்னியாவின் லாத்ராப் நகரில் நடந்ததை நம் சங்கத் தோழர்கள் அறிந்திருக்கவேண்டும். டிபிசிபி என்ற பூச்சிமருந்தைத் தயாரித்த ஆலையில், தொழிலாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டபோதுதான், பலருக்கும் பிள்ளை பிறக்கவில்லை என்ற உண்மை புலப்பட்டது. சங்கம் முனைந்து பரிசோதனை செய்வித்தது. பலரிடம் விந்தணு மிகக் குறைவு. சிலரிடம் அறவே இல்லை. அந்த மருந்து மிருகங்களின் விரைகளைச் சுருங்கவைக்கிறது என்று 1961லேயே பிரசுரமாகியிருந்தது. ஆனாலும் லாப வேட்டை நிற்கவில்லை. தொழிலாளி வெட்கத்தை உதறி வாய்திறந்த பிறகே, 1979ல் அமெரிக்கா அதன் உபயோகத்தைப் பெரும்பாலும் தடை செய்தது.

பிள்ளையில்லாத ஒவ்வொருவருக்கும் ஆலைதான் காரணம் என்று நாம் சொல்லவரவில்லை. நரம்பு புடைத்தல், பழைய தொற்றுநோய் என்று பல காரணங்கள் உண்டு. பரிசோதித்தால்தான் தெரியும். விந்தணு உருவாக 70 நாட்களுக்கு மேல் பிடிக்கும்; காரணம் நீங்கினால் சில மாதங்களில் பலருக்கு நிலைமை திருந்தவும் கூடும். ஆகவே அச்சத்துக்கும் இடமில்லை, மறைப்புக்கும் இடமில்லை.

சட்டம் என்ன செய்கிறது? 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் தொழில் நோய்களைப் பட்டியல் போட்டபோது ஈய விஷத்தைச் சேர்த்தது, மலட்டுத்தன்மையைச் சேர்க்கவில்லை. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைக்குக் கேண்டீன் என்றிருந்ததை, 2020ன் தொகுப்புச் சட்டம் ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்து 100 பேர் என்று ஆக்கியது. ஆனால் காகிதத்திலுள்ள கேண்டீன் வயிற்றை நிரப்பாது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா சட்டசபையில் நிறைவேறியது. தொழிலாளர் எதிர்ப்பால் மே தினத்தன்று வாபஸ் ஆயிற்று. தூக்கமும் சோறும் பறிபோகாமல் காத்தது அந்த ஒற்றுமைதான்.

எனவே நாம் கோருகிறோம்:

1. ஒப்பந்தத் தொழிலாளர், வடமாநிலத் தொழிலாளர் அனைவருக்கும் இரவு ஷிப்ட் உட்பட கேண்டீனில் முட்டை, பருப்பு, கீரையுடன் மலிவு விலைச் சாப்பாடு வேண்டும்.

2. தர்மபுரி, நீலகிரி மாவட்டங்களில் 2023ல் ரேஷன் கார்டுக்கு 2 கிலோ கேழ்வரகு தரத் தொடங்கியதுபோல், ஓசூர்த் தொழிலாளர் குடியிருப்புகளிலும் முழுமையாகத் தரவேண்டும்.

3. உலை, ஈயம், பூச்சிமருந்து வேலைகளில் மாற்று ஷிப்டும் கவசமும் ரத்தப் பரிசோதனையும் கட்டாயமாக வேண்டும்.

4. நம் சம்பளத்தில் நூற்றுக்கு 75 பைசா ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறது. அந்த ஆஸ்பத்திரிகளில் கணவனையும் மனைவியையும் சேர்த்தே பரிசோதிக்கும் முறை வேண்டும்.

கடைசியாகத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. சர்க்காரிடம் கேட்பதைக் கேட்போம். வீட்டில் செய்யவேண்டியதை நாமே செய்வோம். பிள்ளையில்லை என்றால் மனைவியை அனுப்புமுன் நாம் முதலில் பரிசோதனைக்குப் போவோம். சங்கக் கூட்டத்தில் போனஸைப் பேசும் அதே குரலில் இதையும் பேசுவோம். பெண்ணின் தலையில் சுமத்திய பழியை இறக்கிவைக்காத சங்கம், பாதித் தொழிலாளி வர்க்கத்துக்குத்தான் சங்கம்.