அரை யூனிட் மின்சாரம்



ஐரோப்பாவின் தென்கிழக்கில் அல்பேனியா, மான்டினீக்ரோ, கொசோவோ ஆகிய மூன்று நாடுகளின் எல்லைகள் கூடுமிடத்தில் ஒரு மலைத்தொடர் உண்டு. 'சபிக்கப்பட்ட மலைகள்' என்பது அதன் பெயர். அதன் உச்சியான யெசெர்ட்சா சிகரம் 2,694 மீட்டர் உயரமுடையது. இம்மலைகளைச் சுற்றிக் காண வருவோருள் சிலர் இந்நாளில் மின்மிதிவண்டியில் வருகின்றனர்.

மோட்டார் தள்ளும்போது அதுவும் ஒரு பயணமா என்று நகைப்போர் உண்டு. ஆயினும் அவ்வண்டி தானாக ஓடுவதன்று. மிதித்தால்தான் மோட்டார் துணைக்கு வரும். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி அதன் தொடர்திறன் 250 வாட்டுக்கு மேற்படலாகாது. வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரை எட்டியதும் அத்துணை நின்றுவிடும். பல வண்டிகளின் பாட்டரியில் அடங்குவது ஏறத்தாழ அரை யூனிட் மின்சாரமே. செங்குத்தான ஏற்றத்தில் அது விரைவில் கரைந்துபோகும். குளிரில் இன்னும் விரைவில் தீரும். தீர்ந்தபின், இருபது கிலோவுக்கு மேற்பட்ட வண்டியைத் தன் கால்வலிமை ஒன்றையே நம்பி மேட்டில் ஏற்ற வேண்டும்.

ஆகவே, பொழுது சாயுமுன் ஒரு வீட்டுக் கதவைத் தட்டியாக வேண்டும். பெட்ரோல் எனில் சில நிமிடங்களில் நிரப்பிக்கொண்டு, முகம் பாராமலே போய்விடலாம். பாட்டரி நிறையவோ பல மணி நேரம் ஆகும். அதுவரை அந்நியர் வீட்டில் அமர்ந்து, அவர் தரும் காப்பியைப் பருகி, அவர் பேச்சைக் கேட்டே தீர வேண்டும். வண்டியில் வந்தவர் விருந்தினர் ஆகிவிடுகிறார்.

அம்மலைநாட்டில் விருந்தினர் என்பது சிறிய சொல்லன்று. 'கானூன்' எனப்படும் பழைய மரபுச் சட்டத்தின்படி, வீட்டின் மீது முதல் உரிமை இறைவனுக்கும் விருந்தினருக்கும் உரியது. பகைவனேயாயினும் வாசல் மிதித்து வந்தவனைக் காப்பது வீட்டாரின் கடமை. அதே சட்டம்தான் இரத்தப் பழிக்கும் இடமளித்தது என்பதை மறைத்தலாகாது. பழிக்கு அஞ்சியவர்கள் ஒளிந்திருந்த கல்கோபுரம் ஒன்று தெத் என்னும் கத்தோலிக்கச் சிற்றூரில் இன்றும் நிற்கிறது. வாய்மொழியாய் வழங்கிய அச்சட்டத்தைத் தொகுத்தவர் ஷ்டிஃபென் ஜெச்சோவி என்ற பிரான்சிஸ்கன் துறவி. 1929-ஆம் ஆண்டு அவரே சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய தொகுப்பு 1933-இல்தான் நூலாக வெளிவந்தது.

பின்னர் வந்த பொதுவுடைமை ஆட்சி எல்லையை அடைத்தது. தப்பியோட முயன்றோர் பலர் சுடப்பட்டனர். 1967-இல் நாடெங்கும் கோவில்கள் மூடப்பட்டன. தெத் ஊர்க் கோவிலும் தப்பவில்லை. விருந்தோம்பலுக்குப் பேர்பெற்ற மக்களே, அயலார் எவரையும் ஐயுறும்படி ஆக்கப்பட்டனர். 1991-க்குப் பின் ஆட்சி மாறியது, வழிகள் திறந்தன. இன்று மூன்று நாடுகளையும் இணைத்து 192 கிலோமீட்டர் நீளமுள்ள நடைபாதை ஒன்று செல்கிறது.

இப்போது தெத்தில் பல வீடுகள் விடுதிகளாகி, காலையில் கணக்குச்சீட்டும் வருகிறது. அதில் குற்றமில்லை, மலைமக்களும் பிழைக்க வேண்டுமன்றோ! ஆயினும் அந்த அரை யூனிட்டுக்கு விலை போடலாம். அறியாதவரை அடுப்பங்கரைவரை அழைக்கும் நம்பிக்கைக்கு என்ன விலை போடுவது?

என் குறையையும் சொல்லிவிடுகிறேன். இருட்டிய பின் பங்கு இல்லத்தின் அழைப்புமணி ஒலித்தால் என் உள்ளத்தில் முதலில் எழுவது எரிச்சலே. வெயிலேறிய நேரத்தில் கூடார வாயிலில் அமர்ந்திருந்த ஆபிரகாம், மூவரைக் கண்டதும் எழுந்து ஓடினார். நான் எழுவதற்குள் சில வேளைகளில் மணி ஓய்ந்துவிடுகிறது. வந்தவர் யார், எதற்காக வந்தார் என்பது பிறகு தெரிவதேயில்லை.

இம்மாதம் உங்கள் வாசலில் ஒருவர் குடிநீரோ, கைப்பேசிக்குச் சிறிது மின்சாரமோ கேட்டு நின்றால், அவருக்கு ஒரு நாற்காலியையும் எடுத்துப் போடுங்கள். நானும் முயல்கிறேன்.