செயலிகளின் வேகப் பரீட்சை நியாயமானதா?

சர்வர் எனப்படும் பெருங் கணிப்பொறிகளுக்குரிய செயலிகள் உருவாகும் நகரங்களுள் பெங்களூரும் ஒன்று. இன்டெல் நிறுவனம் 2008-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஸியான் 7400 வரிசைச் செயலியின் வடிவமைப்பில் இந்நகரப் பொறியியலார் பெரும் பங்கு கொண்டனர். அதன் போட்டி நிறுவனமாகிய ஏ.எம்.டி.யும் 2023-இல் இங்கே தன் மிகப் பெரிய வடிவமைப்பு நிலையத்தைத் திறந்தது. இதே நகரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தில், விநாடிக்கு 3,300 லட்சம் கோடி கணக்குகளைச் செய்யவல்ல ‘பரம் பிரவேகா’ 2022-இல் அரசாங்கச் செலவில் நிறுவப்பெற்றது. ஆகவே, எந்தச் செயலி சிறந்தது என்னும் வினா விற்பனையாளரின் வாதம் மட்டுமன்று. பொதுப் பணத்தைப் பற்றிய வினாவுமாகும்.

இரண்டு கேழ்வரகு ரகங்களை ஒப்பிடும் களப் பணியாளர், ஒன்றை ஏரிப் பாசன நிலத்திலும் மற்றொன்றை மானாவாரி நிலத்திலும் விதைத்து மகசூலை நிறுத்துப் பார்ப்பதில்லை. மண், நீர், எரு யாவும் ஒத்திருந்தாலன்றி அவ்வெடைக்குப் பொருளில்லை என்பதை அவர் அறிவார். செயலிகளின் ஒப்பீட்டில் இவ்விதி எப்போதும் பேணப்படுவதாகச் சொல்ல இயலாது.

2019-ஆம் ஆண்டு நவம்பரில், தன் ஸியான் 9282 செயலி ஏ.எம்.டி.யின் எபிக் 7742-ஐ வென்றதாக இன்டெல் சில முடிவுகளை வெளியிட்டது. மூலக்கூறுகளின் அசைவைக் கணக்கிடும் ‘குரோமாக்ஸ்’ என்னும் நிரலின் பழைய பதிப்பு அதில் கையாளப்பட்டதென்றும், எதிராளியின் செயலிக்கு ஏற்ற மாறுதல்கள் புதிய பதிப்பிலேயே இடம்பெற்றனவென்றும் ஆட்சேபம் எழுந்தது. புதிய பதிப்பிலும் முடிவு குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை என்று இன்டெல் விடை கூறியது. இவ்வாதம் ஒருபுறம் இருக்க, முன்னதன் மின்திறன் அளவு 400 வாட். பின்னதன் அளவு 225 வாட். மின்கட்டணம் செலுத்துவோருக்கு வேகத்தை மட்டும் கூறும் தீர்ப்பு பாதித் தீர்ப்பே.

நடுநிலையான வினாத்தாள் இருந்தால் போதாதா எனலாம். பல நிறுவனங்கள் கூடி 1988-இல் ‘ஸ்பெக்’ என்னும் அமைப்பை நிறுவியது அதற்காகவே. அதன் 2017-ஆம் ஆண்டுத் தொகுதியில் 43 நிரல்கள் உள்ளன. ஆயினும் வினாத்தாள் முன்கூட்டியே தெரிந்த வகுப்பில் நிகழ்வது என்ன என்பதை ஆசிரியர்கள் நன்கு அறிவர். நிரலை யந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர், சோதனை நிரல் ஒன்றை முன்னறிந்து அதற்கென்றே குறுக்குவழி அமைத்திருந்ததை 2024-இல் அவ்வமைப்பு கண்டறிந்தது. இன்டெல் கம்பைலரைக் கொண்டு பெற்ற 2,600-க்கும் மேற்பட்ட முடிவுகள் அதன்பின் ஏற்கத்தக்கனவல்ல எனக் குறிக்கப்பட்டன. எல்லா நிரல்களையும் விரைவுபடுத்தும் திருத்தம் திறமை. பரீட்சை நிரலை மட்டும் விரைவுபடுத்தும் திருத்தம் மனப்பாடம்.

நேர்மையாக நடத்திய பரீட்சையும் எல்லாப் பணிகளுக்கும் பொருந்துவதன்று. உலகக் கணிப்பொறிகளை வரிசைப்படுத்தும் ‘லின்பாக்’ சோதனையில் 2022-இல் அமெரிக்காவின் ‘ஃபிரான்டியர்’ முதலிடம் பெற்றது. ஜப்பானின் ‘ஃபுகாகு’ இரண்டாவதாயிற்று. நினைவகத்திலிருந்து விவரங்களை இடைவிடாது எடுத்து வரவேண்டிய மற்றொரு சோதனையில் அவ்வாண்டு ஃபுகாகுவே முதலிடத்தில் நின்றது. அச்சோதனையில் இரண்டும் காட்டிய வேகம் லின்பாக் வேகத்தில் நூற்றில் ஐந்து பங்கையும் எட்டவில்லை. பருவமழைக் கணக்கைப் போன்ற பல பணிகள் இந்த இரண்டாம் வகைக்கே நெருங்கியவை.

ஆகவே குறை எண்களில் மட்டுமில்லை. போட்டியிடுபவரே பரீட்சகராகவும் அமர்வதில் இருக்கிறது. இதற்குப் பரிகாரம் உண்டு. 1986-இல் பெங்களூரின் தேசிய வானூர்தி ஆய்வுக்கூடத்தார் ‘ஃப்ளோசால்வர்’ என்னும் கணிப்பொறியை உருவாக்கியபோது, திரவ இயக்கச் சமன்பாடுகளாகிய தங்கள் சொந்தப் பணியையே முன்வைத்தனர். யந்திரத்தை வாங்குவோரும் அவ்வழியைப் பின்பற்றலாம். பொதுப் பணத்தில் கணிப்பொறி வாங்கும் ஒவ்வொரு நிலையமும், தான் அன்றாடம் இயக்கும் நிரல்களைக் கொண்டு, தன் ஊழியர்களின் கையாலேயே போட்டிச் செயலிகளைச் சோதித்தல் வேண்டும். நிரலின் பதிப்பு, கம்பைலர், நினைவகத்தின் அளவு, செலவான மின்சாரம், விலை ஆகிய யாவற்றையும் முடிவோடு சேர்த்து வெளியிடுதல் வேண்டும். இதற்குச் சில வாரங்கள் கூடுதலாகலாம். ஆனால் தவறான யந்திரத்தை வாங்கிவிட்டால், அதன் குறையைப் பல ஆண்டுகள் சுமக்க நேரிடும்.