கோபம் சரி, விலாசம் தப்பு

கெடாவில் லாட்டரி விற்கும் நம்பர் கடைகளின் உரிமத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று மாநில அரசு 2021 நவம்பரில் அறிவித்தது. 2023 பிறந்தபோது சுங்கைப்பட்டாணி வட்டாரத்தில் அந்தக் கடைகள் மூடிக் கிடந்தன. விவகாரம் பிறகு நீதிமன்றம் ஏறியது, அது தனிக்கதை. ஆனால் இங்கே சுங்கை லாலாங்கில், பள்ளி விட்டு வந்த பிள்ளையின் கைப்பேசிக்குள் மொபைல் லெஜண்ட்ஸ் என்ற கேம் ஒரு குலுக்கலை நடத்திக்கொண்டுதான் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கும் ‘வைரம்’ கட்டிக் குலுக்க வேண்டும். ஆசைப்பட்ட ‘ஸ்கின்’, அதாவது பாத்திரத்துக்கான புதுத் தோற்றம், விழலாம், விழாமலும் போகலாம். நாலு நம்பர் எடுத்த தாத்தாவுக்கும் இந்தப் பேரனுக்கும் ஒரே ஒரு வித்தியாசம்: தாத்தாவுக்கு அடித்தால் காசு வரும்.

வீடியோ கேம் ரசிகர்கள் சதா எதற்காவது கொதித்துக்கொண்டே இருக்கிறார்களே, அந்தக் கொதிப்பில் நியாயம் உண்டா என்ற கேள்வியை நான் இந்தக் குலுக்கலிலிருந்துதான் பார்க்கிறேன். பெரியவர்கள் பலருக்கு இது கேள்வியே இல்லை. “கேம்தானே, வேலை இல்லாத பசங்க” என்று முடித்துவிடுவார்கள். சரி, கொஞ்சம் கணக்குப் போடுவோம். பெரிய நிறுவனம் வெளியிடும் புதிய கேம் ஒன்றின் அமெரிக்க விலை 70 டாலர். நம் காசுக்கு 300 ரிங்கிட்டை நெருங்கும். 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். மாதத்துக்கு 26 வேலை நாள் என்றால் ஒரு நாளைக்கு 65 ரிங்கிட். ஆக, தொழிற்சாலையில் ‘ஷிஃப்ட்’ வேலை செய்யும் ஒரு பையன் நான்கரை நாள் உழைப்பைக் கொடுத்து அந்த கேமை வாங்குகிறான். கொடுத்த காசுக்குக் கேள்வி கேட்டால் அது வேலையற்ற வேலையா?

2014 டிசம்பரில் யூபிசாஃப்ட் நிறுவனம் ‘தி க்ரூ’ என்ற கார் பந்தய கேமை வெளியிட்டது. தனியாக விளையாடுவதானாலும் நிறுவனத்தின் செர்வரோடு இணைந்திருக்க வேண்டும். 2024 மார்ச் 31இல் அந்த செர்வரை மூடினார்கள். அதோடு, காசு கொடுத்து வாங்கியவர்களின் கேமும் செத்தது. வட்டு கையில் இருக்கிறது, ரசீது இருக்கிறது, விளையாட முடியாது. அடுத்த மாதமே ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார். யாரையும் திட்டச் சொல்லவில்லை அவர். எந்த நாட்டில் எந்தச் சட்டத்தின் கீழ் எப்படி மனு போடுவது என்று வழி காட்டினார். ஐரோப்பிய ஒன்றியத்தில் குடிமக்கள் கோரிக்கை ஒன்றை அதிகாரபூர்வமாகப் பரிசீலிக்க வைக்க 10 லட்சம் கையொப்பம் வேண்டும். 2025 ஜூலையில் அந்த எண்ணிக்கை தாண்டிவிட்டது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அதே ஆண்டு நவம்பரில் விவாதமே நடந்தது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம்: நீங்கள் வாங்குவது உரிமம் மட்டும்தான் என்பதை விற்பவர் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும், சொல்லாமல் ‘வாங்கு’ என்று பொத்தான் வைக்க முடியாது.

கோபம் பலித்த கதைகள் இன்னும் உண்டு. 2017 நவம்பரில் ‘ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2’ வந்தபோது, டார்த் வேடர் போன்ற பாத்திரங்களைத் திறக்கப் பல மணி நேரம் விளையாட வேண்டும், அல்லது காசு செலவழித்துப் பெட்டிகளைத் திறந்து அதிர்ஷ்டத்தைப் பார்க்க வேண்டும் என்று ஈஏ நிறுவனம் வைத்திருந்தது. அந்த உழைப்பு வீரருக்கு ‘சாதித்த பெருமிதம்’ தரும் என்ற தொனியில் நிறுவனம் ஒரு விளக்கமும் கொடுத்தது. ரெடிட் தளத்தில் அந்த விளக்கத்துக்கு எதிராக 6 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்தன. கேம் விற்பனைக்கு வருவதற்கு முந்தைய நாள் காசு வாங்கும் வசதியை நிறுவனமே நிறுத்தி வைத்தது. மறு ஆண்டு பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் காசு கொடுத்துத் திறக்கும் இப்படிப்பட்ட பெட்டிகள் சூதாட்டமே என்றது. ரசிகர்கள் கத்தாமல் இருந்திருந்தால் ஆணையம் அந்தப் பக்கம் திரும்பியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

2024 மேயில் ‘ஹெல்டைவர்ஸ் 2’ கேம் விவகாரம். கணினியில் விளையாடுபவர்களும் சோனியின் பிளேஸ்டேஷன் கணக்கைக் கட்டாயம் இணைக்க வேண்டும் என்று திடீர் உத்தரவு. இலங்கை உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் அந்தக் கணக்கைத் தொடங்கவே வழி கிடையாது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் காசு கொடுத்து வாங்கியவன் என்ன செய்வான்? லட்சக்கணக்கில் எதிர்மறை விமர்சனங்கள் குவிந்தன. மூன்றே நாளில் சோனி பின்வாங்கியது. இதில் கோபம் நியாயமா என்று பட்டிமன்றம் வைக்கத் தேவையில்லை.

நம் ஊர் விவகாரத்துக்கு வருவோம். 2017 செப்டம்பர் தொடக்கத்தில் ‘ஃபைட் ஆஃப் காட்ஸ்’ என்ற கேம் ஸ்டீம் தளத்தில் விற்பனைக்கு வந்தது. இயேசு, புத்தர், மோசே எல்லாரையும் மோதவிடும் சண்டை விளையாட்டு. பல மதத்தவர் வாழும் நாட்டில் அது புண்படுத்தும் என்று அரசு நினைத்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆனால் செய்ததைப் பாருங்கள்: 24 மணி நேரம் கெடு வைத்து, அது முடிந்ததும் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் ஸ்டீம் தளத்தையே அடைத்துவிட்டது. ஒரு கேமுக்காக, அதைக் கேள்விகூடப் படாதவர்களும் வந்து வாங்கும் ஆயிரக்கணக்கான கேம்கள் உள்ள கடைக்கே பூட்டு. ஸ்டீம் நிர்வாகம் அந்த கேமை மலேசியாவுக்கு மட்டும் விலக்கியதும் தளம் திறந்தது; எல்லாம் ஓரிரு நாளில் முடிந்தது. அப்போது இளைஞர்கள் சமூக ஊடகத்தில் போட்ட கூச்சல் எனக்குச் சரியாகவே பட்டது. கோயில் வாசலில் ஒருவன் தகாததை விற்றான் என்பதற்காகச் சந்தையையே யாரும் மூடுவதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் ரசிகர்களின் பக்கம். இனி அவர்களுக்குப் பிடிக்காததைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2020இல் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ இரண்டாம் பாகம் வந்தது. அதில் ஒரு பாத்திரம், ரசிகர்கள் நேசித்த இன்னொரு பாத்திரத்தைக் கொன்றுவிடுகிறது. கொன்ற பாத்திரத்துக்குக் குரல் கொடுத்த நடிகை லாரா பெய்லிக்குக் கொலை மிரட்டல் வந்தது. அவருடைய குழந்தையையும் விட்டுவைக்கவில்லை. கதையை எழுதியவர் அவர் இல்லை. எழுதியிருந்தாலும்தான் என்ன? 2014இல் ‘கேமர்கேட்’ என்று ஒரு புயல் அடித்தது. கேம் பத்திரிகையின் நேர்மையைக் கேட்கிறோம் என்று கிளம்பியவர்கள், ஸோயி குவின் போன்ற பெண்களை வீட்டை விட்டு ஓடும்படி செய்ததுதான் மிச்சம். குவின்னுடைய கேமுக்குச் சாதகமாக விமர்சனம் எழுதியதாகக் குற்றம் சாட்டப்பட்ட பத்திரிகையாளர் அப்படி ஒரு விமர்சனம் எழுதவே இல்லை.

இந்த மாதிரி ஆட்களை “சில பொறுக்கிகள்” என்று ஒதுக்கிவிட்டு நகர்ந்துவிடலாம். எனக்கு அதைவிடப் பெரிய உறுத்தல் ஒன்று உண்டு. மிரட்டாத, நாகரிகமான, சாதாரண ரசிகனின் கோபமும் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் தப்பாகவே இருக்கிறது.

‘சைபர்பங்க் 2077’ கதை இதற்கு நல்ல சாட்சி. வெளியீடு தள்ளிப்போனது என்று ரசிகர்கள் குதித்தார்கள்; 2020 அக்டோபரில் உருவாக்குநர்களுக்கு மிரட்டல்கள்கூட வந்தன. அதற்குச் சற்று முன்புதான் போலந்திலுள்ள சிடி புரொஜெக்ட் நிறுவனம் தன் ஊழியர்களை வாரம் ஆறு நாள் வேலை செய்யச் சொல்லியிருந்தது. டிசம்பர் 10இல் கேம் வந்தது. பழைய கன்சோல்களில் நடக்கவே முடியாமல் நொண்டியது. ஒரு வாரத்தில் சோனி தன் கடையிலிருந்து அதைத் தூக்கிவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. தாமதம் என்றும் கோபம், அவசரம் என்றும் கோபம். இரண்டுக்கும் தூக்கம் கெட்டவன் மேசையில் உட்கார்ந்து நிரல் எழுதியவன்.

அந்த மேசை வார்சாவில் மட்டும் இருப்பதாக நினைக்க வேண்டாம். உலகத்தின் பெரிய கேம்களுக்கு வேண்டிய மரம், சுவர், துப்பாக்கி, முகம் எல்லாவற்றையும் வரைந்து கொடுக்கும் வேலையில் கணிசமான பங்கு நம் வட்டாரத்துக்கு வருகிறது. ‘ஸ்டார்கிராஃப்ட் ரீமாஸ்டர்ட்’ கேமின் படங்களில் மலேசியாவின் லெமன் ஸ்கை ஸ்டூடியோவின் உழைப்பு இருக்கிறது. இந்தோனேசியாவில் பிராண்டோவில் என்ற ஸ்டூடியோ இப்படிப் பெரிய நிறுவனங்களுக்கு வேலை செய்து வந்தது. 2024 ஆகஸ்டில் மூடப்பட்டது. அங்கே ஊழியர்கள் உடலாலும் மனதாலும் வதைக்கப்பட்டதாகப் புகார்கள் அடுத்த மாதம் வெளிவந்தன; ஜகார்த்தா போலீஸ் விசாரணையில் இறங்கியது. ரசிகர் உலகம் அதற்காக எத்தனை நாள் கொதித்தது? ஒரு வாரம் இருக்கலாம். ஸ்கின் விலை ஏறினால் கொதிப்பு அதைவிட நீளம். 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் கேம் பிரிவில் 1,900 பேரை வீட்டுக்கு அனுப்பியபோதும் இதே நிலைதான். பல்லூடகம் படித்துவிட்டு கோலாலம்பூர் பஸ் ஏறும் நம் பிள்ளைகளில் சிலர் நாளைக்கு அந்த மேசையில்தான் உட்காரப்போகிறார்கள். இது வேறு யாருடைய பிரச்சினையோ என்று நாம் இருக்க முடியாது.

ஆக, என் கட்சி இது. காசு கொடுத்த பொருளைப் பற்றிய கோபம் பெரும்பாலும் நியாயமானது. அது போகவேண்டிய இடம் நிறுவனத்தின் முதலாளி அறை, அதற்கு மேல் சட்டம் இயற்றுபவரின் மேசை. நடிகைக்கும் ஓவியனுக்கும் அனுப்புகிற கோபத்தால் முதலாளிக்கு ஒரு சல்லிக்காசு நட்டம் இல்லை.

இப்போது மறுபடியும் அந்தக் கைப்பேசியைக் கையில் எடுப்போம். முதல் குலுக்கலுக்குத் தள்ளுபடி. பத்துத் தடவை சேர்த்துக் குலுக்கினால் ஏதாவது நிச்சயம். ஒரு ஸ்கின் 899 வைரம் என்றால், வைரம் விற்கும் பொட்டலம் எதுவும் அந்த எண்ணில் அமையாது. குறைவாக வாங்கினால் போதாது, கூடுதலாக வாங்கினால் மிச்சம் கிடக்கும். மிச்சம் கிடப்பதால் அடுத்த பொட்டலம். ரிங்கிட்டில் விலை சொன்னால் பிள்ளை யோசிக்கும். வைரத்தில் சொன்னால் யோசிக்காது. வாய்ப்பு விகிதத்தைக் காட்ட வேண்டும் என்று ஆப்பிள் 2017 டிசம்பரிலேயே விதி வைத்துவிட்டது. காட்டத்தான் செய்கிறார்கள், யாரும் தொடாத ஒரு சின்னப் பொத்தானுக்குப் பின்னால். அம்மாவின் ‘டச் அண்ட் கோ’ மின்பணப்பையிலிருந்து பத்து, இருபது ரிங்கிட்டாகக் கழிவது மாதக் கடைசியில்தான் தெரியவரும்.

அமெரிக்காவில் இதே வகைத் தந்திரத்துக்குக் கணக்குக் கேட்டார்கள். ‘ஃபோர்ட்நைட்’ கேமின் எபிக் நிறுவனம், வேண்டாத பொருளைத் தெரியாமல் வாங்கவைக்கும்படி பொத்தான்களை அமைத்தது என்ற வழக்கில், வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர 24.5 கோடி டாலர் கட்ட 2022 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. அமெரிக்கப் பிள்ளைகளின் பெற்றோருக்குக் காசு கிடைத்தது. அதே பொத்தானை அழுத்திய மலேசியப் பிள்ளையின் பெற்றோருக்கு அந்த வழக்கில் ஒன்றும் இல்லை, ஏனென்றால் வழக்குப் போட்டது அமெரிக்க வாணிப ஆணையம்.

தமிழ்நாட்டில் நடந்ததையும் பார்க்கலாம். இணைய ரம்மியில் பணம் தொலைத்தவர்கள் தற்கொலை செய்துகொண்ட குடும்பங்களின் துயரம்தான் அங்கே சட்டத்தைக் கொண்டுவந்தது. 2022 அக்டோபரில் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றி ஏப்ரலில் ஒப்புதல் பெற்றார்கள். அந்தச் சட்டத்தைக் கேட்க ஒருவர் கேம் ஆடுபவராக இருக்க வேண்டியதில்லை.

நம்மிடமும் கருவிகள் இல்லாமல் இல்லை. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 முதல் இருக்கிறது. பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான வழக்கை வழக்கறிஞர் இல்லாமலே பதியலாம். வெளிநாட்டு நிறுவனத்தை அங்கே இழுத்துவருவது லேசான வேலை இல்லை என்பது உண்மை. ஆனால் கேம் வட்டை விற்ற கடையும் டாப்-அப் விற்ற நிறுவனமும் உள்ளூரில்தான் இருக்கின்றன. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் அரை நூற்றாண்டாக இப்படிப்பட்ட புகார்களை வாங்கிக்கொண்டிருக்கிறது. சுங்கைப்பட்டாணியிலிருந்து ஜார்ஜ் டவுன் ஒன்றும் தூரமில்லை. நம்பர் கடையை மூடும் அளவுக்கு அக்கறை உள்ள சட்டமன்ற உறுப்பினர்களிடம், பிள்ளைகளின் கைப்பேசிக் குலுக்கலுக்கு வயது வரம்பும் மாதச் செலவு வரம்பும் வேண்டும் என்று ஒரு மனு கொடுக்கவும் யாரும் தடை சொல்லவில்லை.

எனவே தம்பிமார்களே, தங்கச்சிமார்களே, அடுத்த முறை ஏமாற்றப்பட்டதாகத் தோன்றினால் திட்டித் தீர்ப்பதற்கு முன் ரசீதைப் படம் எடுத்து வையுங்கள், தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். புகாரை மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். தீர்ப்பாயத்தில் மனுவுக்கான கட்டணம் ஐந்து ரிங்கிட்.